வெள்ளத்தில் போன ஆடுகளுக்கு நிவாரணம்: உடல் கிடைக்காதவற்றைச் சேர்ப்பார்களா?

திருக்கோவிலூரான்:
ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்களே, அன்று எங்கள் மாமா தென்பெண்ணை ஆற்றோரக் கொல்லையில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை மடக்கியிருந்தார். செம்மறி நாற்பத்தைந்து, பட்டிக்குள் அடைத்திருந்ததால் தப்பி ஓடவும் வழியில்லை. கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்தது பதினேழுதான், மற்றவை போன இடமே தெரியவில்லை. ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள், ஆனால் கணக்கெடுக்க வந்தவர் உடல் இருப்பதை மட்டும்தான் எழுதுவேன் என்கிறார். நாற்றம் தாங்காமல் ஊரில் புதைக்கச் சொல்கிறார்கள். புதைக்கலாமா?

கால்நடைத்துறை_ஓய்வு:
மருத்துவர் பார்க்காமல் புதைக்க வேண்டாம். இன்றே கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கூட்டி வாருங்கள், சான்று இல்லாமல் பணம் வராது. காதில் அடையாள எண் போட்ட தோடு இருந்தால் எண் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிடுங்கள். அடித்துப் போனவற்றுக்கு, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டபோது மாமா பெயரில் எத்தனை ஆடு எழுதினார்கள் என்று மருந்தகப் பதிவேட்டில் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் காட்டி வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொன்னால் நிற்காது. அப்புறம், குட்டிகளை ரொம்ப நம்பாதீர்கள், பலன் தரும் நிலையில் உள்ள கால்நடைக்குத்தான் விதி.

செஞ்சி_பால்பண்ணை:
நாற்பத்தைந்தையும் நிரூபித்தாலும் முழுப் பணம் வராது. பேரிடர் நிதி விதிப்படி ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு என்றால் மூன்று, ஆடு என்றால் முப்பதுதான் உச்சவரம்பு. அதிகபட்சம் 1,20,000 ரூபாய். மாட்டுக்கு 37,500 என்பதால் வீட்டில் ரெண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது ஓரளவு கைகொடுக்கும், கிடைக்காரருக்கு மந்தைதான் மொத்தச் சொத்தே. வளர்ந்த தாய் ஆட்டைச் சந்தையில் நாலாயிரத்துக்கு யார் தருகிறார்கள்? மத்திய விதியை உடனே மாற்ற முடியாதுதான், ஆனால் முப்பதுக்கு மேல் போனதற்கு மாநில அரசு தன் பணத்திலிருந்து கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும்.

கீதாரி_மகன்:
இன்னொரு சிக்கலும் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து கிடையோடு வருகிற எங்களுக்கு ரேஷன் கார்டு ஒரு ஊரில், ஆடு செத்தது வேறு ஊரில். இங்கே கேட்டால் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் எங்கள் எல்லையில் எதுவும் சாகவில்லையே என்கிறார்கள். உங்கள் மாமா உள்ளூர்க்காரர் என்றால் அந்த அலைச்சலாவது இல்லை. கிடை மடக்கிய கொல்லையின் சொந்தக்காரரிடம், எத்தனை ஆடு நின்றது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

திருக்கோவிலூரான்:
நன்றி அண்ணே. கொல்லைக்காரர் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். மருத்துவர் காலையில் வருகிறாராம், அதுவரை உடல்கள் மேல் சுண்ணாம்பு போட்டு வைக்கலாமா?

கால்நடைத்துறை_ஓய்வு:
படம் எடுத்த பிறகு போடுங்கள், காது மறையக்கூடாது. மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வி.ஏ.ஓ. வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிடுங்கள்.