ஏ லைன் அனுபவங்கள்: திரையில் நின்ற 72

கல்லடித் தாதி:
படுவான்கரை விவசாயி ஒருவர் எலிக்காய்ச்சலுடன் வந்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நாடிக்குள் (இதயத்திலிருந்து இரத்தம் செல்லும் குழாய்க்குள்) செருகிய மெல்லிய குழாயான ஏ லைன் அவருடைய குருதியமுக்கத்தைத் தொடர்ந்து திரையில் காட்டியது. அமுக்கத்தை உயர்த்தும் நோரட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது, சராசரிக் குருதியமுக்கம் 65-க்குக் கீழே போகாமல் பார்க்கும்படி சொல்லியிருந்தார்கள், 66-இல் நின்றது. மார்புப் படம் எடுக்கக் கட்டிலை உயர்த்தியவர்கள் அப்படியே விட்டுப் போக, அமுக்கத்தை அளக்கும் சிறு பெட்டியான டிரான்ஸ்டியூசர் சேலைன் கம்பத்தில் பழைய இடத்திலேயே தொங்கியது. திரையில் 81 கண்டு, தேறிவிட்டார் என்று நம்பி மருந்தைக் குறைத்தேன். அரை மணித்தியாலத்தில் 72. அதையும் நல்ல இலக்கமாகவே எடுத்துக்கொண்டேன். பார்க்க வந்த மகன் மேசன் வேலை செய்பவர். "மிஸ், கட்டில் உயர்ந்திருக்கு, அந்தப் பெட்டி உயரல்லையே, மட்டம் பிழைக்காதா?" என்று கேட்டார். தண்ணீர்க் குழாய் பிடித்துச் சுவர் மட்டம் பார்ப்பவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான்காம் விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இதய மட்டத்துக்கு அதை ஏற்றியபோது திரை 57 காட்டியது. இருபது சென்ரிமீற்றர் வித்தியாசம் பதினைந்து மில்லிமீற்றர் இரசத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது. அவர் பிழைத்து வீடு போனார். எனக்குத்தான் அந்த 72 இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்கரைப்பற்று, மயக்கமருந்துப் பிரிவு:
மட்டத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட வேண்டாம். கையில் கஃப் (காற்றூதி அமுக்கம் பார்க்கும் பட்டி) கட்டி ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் மேசன் தேவைப்பட்டிருக்க மாட்டார். என் நோயாளியில் மட்டம் சரியாகவே இருந்தது, ஆனால் மேல் அமுக்கம் 88-க்கு இறங்கி, கீழ் அமுக்கம் உயர்ந்து, அலை மணற்குன்று போல மழுங்கிவிட்டது. சராசரி மட்டும் பெரிதாக அசையவில்லை என்பதே என்னை நிறுத்தியது. குழாய்க்குள் சேலைனை வேகமாகப் பாய்ச்சும் பிளஷை இழுத்து விட்டுப் பார்த்தால், துள்ளி அடங்க வேண்டிய கோடு சோம்பலாக இறங்கியது. திரீவேயில் (குழாயின் மூவழித் திருகில்) பயறளவு காற்றுக்குமிழி இருந்தது; அதை வெளியேற்றியதும் 116.

வாழைச்சேனை மகள்:
நான் மருத்துவம் தெரிந்தவள் அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் வாப்பாவின் கை குளிர்ந்திருந்ததால் போர்வையை இழுத்து ஏ லைன் போட்டிருந்த அந்தக் கையையும் மூடினேன். குழாயின் பொருத்து ஒன்று கழன்றது ஒருவருக்கும் தெரியவில்லை. மொனிட்டர் கத்தியதும் தாதி ஓடிவந்து போர்வையை உதறியபோது விரிப்பில் பரவியிருந்த அந்தச் சிவப்பை மறக்க முடியவில்லை. நாடி இரத்தம் அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்பாறை, பழைய தாதி:
தங்கச்சி, பிழை உங்களுடையது அல்ல. அந்தக் கை எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ஒரு கதை உண்டு: லைன் போட்ட கையின் பெருவிரல் வெளிறியதை ஒரு துப்புரவுத் தொழிலாளி எனக்கு முன்பே கண்டார், உடனே கழற்றினோம். ஆகவே விரல்களின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும். சேலைனை இறுக்கும் அழுத்தப் பை 300 மில்லிமீற்றர் இரசத்தில் நின்றால்தான் மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் சேலைன் ஓடி, நாடிக்குள் இருக்கும் கனுலாக் குழாய் அடைபடாமல் இருக்கும். பை தளர்ந்தால் இரத்தம் குழாயில் பின்னேறும். அந்தக் குழாயில் எந்த மருந்தும் ஏற்றக் கூடாது. வழமையாக மருந்து ஏற்றும் நாளம் என்று நினைத்து ஏற்றினால் விரல்களே போகலாம், அதனால்தான் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறோம். ஊசி போடுமுன், மணிக்கட்டை அழுத்திக் கைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அலன் சோதனை செய்தோம், எனவே பயமில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 1929-இல் வேறொரு நோய்க்காக வந்த சோதனை அது; கை வெளிறாது என்று அது உறுதி தருவதில்லை.

கல்லடித் தாதி:
அக்கரைப்பற்று அண்ணனுக்கு: கஃப் கட்டித்தான் இருந்தது. அதிர்ச்சியில் இருந்தவருக்கு அது இலக்கம் காட்டாமல் மூன்று முறை ஊதி ஊதி நின்றதால், நானே அதை நிறுத்திவிட்டு ஏ லைனை நம்பினேன்.