டரான்டுலா நெபுலாவின் நடுவில் இருப்பது ஒரே விண்மீனா?

தென்காசி மாணவன்:
பழைய புத்தகக் கடையில் வாங்கிய 1980களின் வானியல் நூல் ஒன்று, பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் உள்ள டரான்டுலா நெபுலா என்ற வாயு மேகத்தின் மையத்தில் சூரியனைப் போல் 2,500 மடங்கு நிறையுள்ள ஒற்றை விண்மீன் இருக்கலாம் என்கிறது. இணையத்தில் ஓரிடத்தில் 265 என்கிறார்கள்; இன்னோரிடத்தில் 200-க்கும் கீழே. விண்மீன் இளைத்துவிட்டதா ஐயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இளைத்தது கணக்கு, தம்பி. விண்மீனை யாரும் தராசில் வைப்பதில்லை. அதன் பிரகாசத்தையும் வெப்பத்தையும் அளந்து, அவ்வளவு ஒளியைக் கக்க எத்தனை நிறை வேண்டும் என்று வருவிக்கிறார்கள். 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் நெருக்கியடித்து நிற்பவை ஒரே புள்ளியாகத் தெரிந்தால், அத்தனை பேர் வெளிச்சமும் ஒருவர் கணக்கில் ஏறிவிடும். 1981-இல் 2,500 வந்த கதை அதுதான்.

1985-இல் வைகெல்ட், பையர் என்ற வானியலாளர்கள் இருவரும் நொடியில் சிறு பங்கே ஓடும் படங்களை ஏராளமாக எடுத்துச் சேர்த்தார்கள். காற்றின் நடுக்கம் அவற்றில் உறைந்து நிற்பதால் அதைக் கழித்துவிடலாம். நெபுலாவின் நடுவிலுள்ள ஆர்136 என்ற விண்மீன் கொத்தின் மையப் புள்ளியான ஆர்136ஏ எட்டுப் புள்ளிகளாகப் பிரிந்தது! மேதாவிகள் பலர் கட்டிய ராட்சத விண்மீன் கோட்பாடு அதோடு சரிந்தது. 2010-இல் வானியலாளர் குரோதரின் குழு, அவற்றுள் பெரியதான ஏ1-க்கு 265 என்றது. 2022-இல் சிலியிலுள்ள ஜெமினி தெற்குத் தொலைநோக்கி இன்னும் கூர்மையாகப் பார்த்து 170 முதல் 230 வரை என்றது. இந்த மூன்று கணக்குகளிலும் எண் இறங்கியிருக்கிறது.

உன் கேலியிலும் உண்மை உண்டு. ஏ1 தன் பொருளையே கடும் விண்மீன்காற்றாக வெளியே வீசி இழந்துகொண்டிருக்கிறது. 2010 கணக்குப்படி பிறக்கும்போது அது 320.

மதுரை வாசகி:
இதற்குப் பக்கத்து விண்மீன் மண்டலம் வரை போவானேன்? நம் பால்வீதியில் இப்படி விண்மீன் கொத்துகளே இல்லையா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இருக்கின்றன அம்மா. ஆனால் நாம் பால்வீதியின் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம், இடையில் தூசி. தூரத்தைக் கணிப்பதே பெரும்பாடு. மெகல்லன் மேகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம், அதிலுள்ளவை ஏறக்குறைய ஒரே தூரத்தில். மேலும், இத்தனை கனமானவை சில மில்லியன் ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆர்136-இன் வயது ஒன்று முதல் இரண்டு மில்லியன் ஆண்டுகள்தான் என்பதால்தான் அவை இன்னும் அங்கே இருக்கின்றன.

தென்காசி மாணவன்:
இங்கிருந்து தெரியுமா?

மெல்பர்ன்காரன்:
கன்னியாகுமரிக்குப் போங்கள். ஜனவரி நடுவில் இரவு பத்து மணிக்குத் தெற்கே அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) பிடித்து, அதற்குக் கீழே சற்று வலப்புறம் பாருங்கள். மெகல்லன் மேகம் அடிவானிலிருந்து 13 டிகிரிதான் ஏறும். நிலவும் கடல்மூட்டமும் இருந்தால் பஸ் செலவு வீண். இங்கே எனக்கு அது மறைவதே இல்லை. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நெபுலாவின் வளையங்கள் நன்றாகத் தெரியும். ஆர்136 நடுவில் தடித்த ஒரு பொட்டு. அதை எட்டாகப் பிரிக்க என் கருவியால் ஆகாது.