குடல் தையல் மேல் பசை, கசியாதா?

கீழக்கரையான்: வாப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன். வெட்டி இணைத்த இடம் கசியாமலிருக்க ஏதோ பசை தடவலாம் என்கிறார் டாக்டர். அது பன்றியிலிருந்து எடுப்பதா? வாப்பா அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மண்டபம் நர்ஸ்: ஃபைப்ரின் பசை பெரும்பாலும் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து வருவதுதான் அண்ணே. அதிலுள்ள ஃபைப்ரினோஜன், த்ராம்பின் என்ற இரண்டு ரத்தப் புரதங்கள் சேர்ந்தால் உறையும், காயத்தில் ரத்தம் கட்டுகிற மாதிரி. கொலாஜன் என்ற விலங்குப் புரதத்தால் ஆன ஒட்டு என்றால் மாடு, குதிரை, பன்றி எதுவாகவும் இருக்கலாம், டாக்டரிடமே கேளுங்கள்.

பாம்பன்காரன்: அப்பாவுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையையே இழுத்துத் தையல் மேல் போர்த்தினார்கள். ஆறாம் நாள் காய்ச்சல், எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஸ்கேனில் கசிவு இல்லை.

மண்டபம் நர்ஸ்: பசை கட்டாயம் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வலையை இழுத்துக் கட்டினால் அங்கேயே கிழியும் இல்லையா, குடலும் அப்படித்தான், ரத்த ஓட்டமும் வேண்டும். பீடி அந்த ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கீழக்கரையான்: பீடியா? சரி, உம்மாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.