பினாங்குச் சுவரோவியமா, தேவனாம்பட்டினத்துக் கோட்டையா?

(கடலூரின் மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினத்துக்காரர் இருவரும் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர் ஒருவரும் பேசிக்கொண்டது. ஊர்ப் பெயரே பேசுபவரின் பெயர்.)

மஞ்சக்குப்பம்:
மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் தெருத்தெருவாக நடங்கள். ஆர்மேனியன் தெருவில் லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. அக்கா சைக்கிள் ஓட்ட, பின்னால் தம்பி அவளை இறுகக் கட்டிக்கொண்டிருப்பான். பிள்ளைகள் வண்ணம், சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். அப்புறம் பினாங்கு மலை. 1923-ல் தொடங்கிய இழுவை ரயிலில் ஏறினால் மேலே அடர்ந்த காடு. 2021-ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கடலூரில் வருகிறவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

தேவனாம்பட்டினம்:
அப்படிச் சொல்லாதீர்கள் சார். காட்டுக்குப் பிச்சாவரம் இருக்கிறது. வரலாறு என்றால் புனித டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை. அதற்குள் இருந்த ஊரெல்லாம் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். குடியிருந்த சனங்களை யார் கேட்டார்கள்? 1756-ல் கிளைவ் இங்கே கவர்னர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார். சைக்கிள் படம் அழகுதான், ஆனால் அதில் எந்த வரலாறும் இல்லை.

மஞ்சக்குப்பம்:
அந்தப் படத்தைத் தேடி நடந்ததால்தானே மற்றதெல்லாம் கண்ணில் பட்டது! கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் பெயரால் அமைந்த சூலியா தெரு, நம் கடற்கரை மரைக்காயர்கள் தொழுத கபித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் நடக்கும் தூரம்தான். நம் கோட்டை எங்கே என்று கேட்டால் உள்ளூரிலேயே எத்தனை பேர் வழி சொல்வார்கள்?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியிலிருந்து சொல்கிறேன். சுவர் அழகானால் கூட்டம் சுவரோடு நின்றுவிடும். சனி, ஞாயிறு இங்கே வந்து பாருங்கள், மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள், இன்று நிற்பது அப்புறம் கட்டியது என்று யாரும் நினைப்பதில்லை. இங்கிருந்து ரியூனியன் தீவுக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களைப் பற்றியும் பேச்சில்லை. பினாங்கும் அப்படித்தான். பாதுகாப்பு தருவதாக நம்பவைத்து 1786-ல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட், பக்கத்து நாடான கெடாவின் சுல்தானிடமிருந்து தீவைப் பெற்றார். கும்பெனி படை தரவே இல்லை. 1791-ல் மீட்கப் பார்த்த சுல்தான் தோற்றார். அங்குள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைச் செங்கல்லால் எழுப்பியதில் நம் நாட்டுக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. இதையெல்லாம் எந்தச் சைக்கிள் சொல்லும்?

மஞ்சக்குப்பம்:
சரி, அதையே வரையச் சொல்லுங்கள். கடலூர் முதுநகர்ப் பழைய கிடங்குச் சுவர்கள் சும்மாதானே கிடக்கின்றன?

தேவனாம்பட்டினம்:
வரையட்டும். ஆனால் முதலில் குண்டு விழுந்த ஊர்களின் பெயர்களை எழுதிவிட்டு வரையட்டும்.

மஞ்சக்குப்பம்:
பெயர்ப் பட்டியலை நின்று படிக்க மாட்டார்கள் அண்ணே. தன் வயலில் குண்டு வந்து விழுவதைப் பார்த்து நிற்கும் ஒரு குடியானவரை வரையட்டும். பெயர்கள் அவர் காலடியில் இருக்கட்டும்.