பிலேமோன் நிருபம்: நடுவில் நின்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

தலைப்பைத் தொடங்கியவர்:

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலேமோன் நிருபம் மொத்தமே 25 வசனம்தான். தீத்துவை முடித்து எபிரெயருக்குப் போகிற வேகத்தில் பலரும் தாண்டிவிடுவோம். பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன அவருடைய அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பி, அவனைப் பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி, காவலில் இருக்கிற பவுல் பிலேமோனைக் கேட்கிறார். மன்னிப்பைப் பற்றிய நிருபம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதன் உயிர் 18-ம் வசனத்தில் இருக்கிறது. அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல்.

கூட ஜெபிக்கிற ஒருவருக்கு நான் கடன் கொடுத்திருந்தேன். சொன்ன தவணை போனது, அப்புறம் போனை எடுக்கவில்லை, கடைசியில் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "மன்னிச்சு விட்டுருங்க பிரதர்" என்று சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சொன்ன யாருக்கும் அதில் காசு செலவில்லையே!

எங்கள் மூப்பர் மட்டும் வீடு தேடி வந்தார். மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "பாக்கி எவ்வளவு தம்பி?" என்று கேட்டு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். "இனி அவனைக் கேட்காதீங்க, என்னைக் கேளுங்க." நான் வேண்டாம் என்றேன். "வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். கணக்கு என் பேர்லதான்" என்றார். அவரும் வசதிக்காரர் இல்லை. மாதாமாதம் கவரில் போட்டுக் கொடுத்தார். பாதி அடைந்தபோது கடன் வாங்கியவரே வந்து, மீதியைத் தான் கட்டுவதாகச் சொன்னார். உடனே பழைய சிநேகம் வந்துவிடவில்லை. ஒரே பெஞ்சில் உட்காரவே நாளானது.

உங்களுக்காகவோ உங்கள் கண்முன்னாலோ யாராவது இப்படி நின்றிருந்தால் எழுதுங்கள்.

பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுப்பவள்:

சாட்சிக்கு நன்றி அண்ணா. ஆனால் இதே நிருபத்தை வைத்துச் செய்கிற அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்கள், தப்பி ஓடிய அடிமைகளைத் திருப்பி அனுப்ப இதைத்தான் ஆதாரம் காட்டினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கணவன் அடித்துத் துரத்திய ஒரு சகோதரியிடம், "ஒநேசிமுவே திரும்பிப் போனானேம்மா" என்று எங்கள் சபையில் ஒருவர் புத்தி சொன்னார்.

அவளும் நானும் உட்கார்ந்து நிருபத்தை வரிவரியாக வாசித்தோம். "பொறுத்துப் போ" என்று ஒநேசிமுவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்பதெல்லாம் அதிகாரம் உள்ளவரிடம், அதாவது பிலேமோனிடம். அதுவும் தனிக் கடிதமாக இல்லை, அவர் வீட்டில் கூடுகிற சபையின் பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். போதாததற்கு 22-ம் வசனத்தில், நான் வந்து தங்க இடம் ஆயத்தம்பண்ணும் என்கிறார். அவனை எப்படி வைத்திருக்கிறீர் என்று நேரில் வந்து பார்ப்பேன் என்பதுபோலத்தான் எனக்குப் படுகிறது.

அவளை நாங்கள் அனுப்பவில்லை. காவல் நிலையத்துக்கும் வக்கீலிடமும் கூடப் போனோம். இப்போது வேலைக்குப் போகிறாள். புத்தி சொன்னவரிடம் அந்த 22-ம் வசனத்தைக் காட்டி, "அந்த வீட்டில் போய்த் தங்கிப் பார்க்க நீங்கள் தயாரா ஐயா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

சிறை ஊழியத்தில் இருப்பவன்:

இதைச் சிறைக்குள் வாசித்தால் கேட்கிற விதமே வேறு. பவுல் தன்னைக் கட்டுண்டவன் என்று சொல்கிற இடத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு தம்பி கேட்டான்: "ஒநேசிமு என்ன சொன்னான்னு எங்கேயுமே இல்லையே அண்ணே?" உண்மைதான். பிலேமோன் என்ன செய்தார் என்பதும் நிருபத்தில் இல்லை.

அந்தத் தம்பி இப்போது விடுதலையாகி வெளியே இருக்கிறான். வீட்டு நகையை அவன் எடுத்துப்போனதால் அவனுடைய அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போய்ப் பேசினேன், "அவனுக்கு நீங்க பொறுப்பா?" என்று கேட்டார். ஆம் என்றேன். நகையின் மதிப்பை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். முழுசாகக் கட்ட என்னால் முடியாது, சபையில் நாலு பேர் சேர்ந்தால் முடியும். இப்படிச் சேர்ந்து பொறுப்பு ஏற்றவர்கள் இங்கே இருந்தால், எழுத்தில் என்ன போட்டீர்கள், அந்தத் தம்பியையும் கட்ட வைத்தீர்களா என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறேன்.