நீண்ட சைக்கிள் பயணத்துக்கு எந்த பவர் பேங்க்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தடம்தேடி:

அடுத்த பயணத்தில் பெரும்பாலான இரவுகள் கூடாரத்தில்தான். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறைதான் ப்ளக் பாயின்ட் கண்ணில் படும் போலிருக்கிறது. போன், ஹேண்டில்பாரில் ஒரு ஜிபிஎஸ், முன்விளக்கு, பின்விளக்கு, சின்ன கேமரா ஒன்று. இதுதான் என் மின்சாரக் குடும்பம். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்று வாங்கலாமா, 10,000-இல் இரண்டு வாங்கலாமா? பெட்டியில் அச்சடித்திருப்பதை நானே படித்துக்கொள்வேன். சாலையில் அது எப்படி நடந்துகொண்டது என்பதுதான் எனக்கு வேண்டும்.

மெதுவண்டி:

ஒன்றா இரண்டா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 20,000. அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில் அளந்தது. போனுக்குப் போவது 5 வோல்ட். 20,000 எம்ஏஹெச், அதாவது 20 ஆம்பியர் ஹவர். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர். அதையே 5 வோல்ட்டில் எழுதினால் 14,800 எம்ஏஹெச். மாற்றும்போது சூடாக வீணாவதையும் கழித்தால் கைக்கு வருவது 12,000, மிஞ்சிப்போனால் 13,000. யாரும் ஏமாற்றவில்லை, அளக்கும் இடம்தான் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இன்னொரு எண் இருக்கும், அதை நம்புங்கள். நான் எல்லாவற்றையும் வாட் ஹவரில்தான் கணக்குப் போடுவேன். 5,000 எம்ஏஹெச் போன் ஏறக்குறைய 19 வாட் ஹவர். ஆக அந்த பவர் பேங்க் போனை மூன்று முறை நிரப்பும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஆனால் நீண்ட பயணத்தில் என்னைப் படுத்தியது கொள்ளளவு இல்லை. நிரம்பும் வேகம். முன்பு என்னிடம் இருந்த பவர் பேங்க் பெரியது, உள்ளே வாங்குவது மட்டும் 5 வோல்ட் 2 ஆம்பியர். அதாவது 10 வாட். காலியானதை நிரப்ப ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். ஒரு முகாமில் பொதுச் சமையலறையில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்; அதற்கு முன்னால் அரை டஜன் பேர் வரிசை. என் முறை வந்தபோது இரவு பதினொரு மணி. விடியும் முன் கிளம்ப வேண்டும். பாதிகூட நிரம்பாத கல்லைச் சுமந்துகொண்டு மலை ஏறினேன். அடுத்து வாங்கியது 30 வாட் உள்ளே இழுக்கும், சி டைப் பி.டி. (பவர் டெலிவரி என்ற வேகச் சார்ஜ் முறை) வகை. மதியம் ஒரு மணி நேரம் எங்காவது உட்கார்ந்தால் போதும், ஒரு போனை முழுசாக நிரப்பும் அளவுக்கு மேலேயே உள்ளே போய்விடும். பயணத்தின் போக்கே மாறியது என்பேன். ப்ளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் இரவு தங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அதனால் வெளியே எத்தனை வாட் தருகிறது என்று விளம்பரம் கத்துவதை விட்டுவிட்டு, 'இன்புட்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சுவரில் செருகும் சார்ஜரும் அதே 30 வாட் இருக்க வேண்டும், கேபிள் இரண்டு முனையும் சி டைப்பாக இருக்க வேண்டும். பழைய போனோடு வந்த 5 வாட் சார்ஜரைக் கொண்டுபோனால் எந்த பவர் பேங்க்கும் ஆமைதான்.

இரவுப்பறவை:

நான் நெடுந்தூரப் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிறவன். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும், நடுவில் ஒரு முழு இரவாவது வரும். மெதுவண்டி அண்ணன் சொல்வது உல்லாசப் பயணத்துக்குச் சரி. எங்களுக்கு உட்காரவே நேரமில்லை, ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற வேண்டும். அதில் வரும் தொல்லைகள் வேறு மாதிரி.

ஒன்று சொல்கிறேன். நள்ளிரவுக்கு மேல் பின்விளக்கை பவர் பேங்க்கில் மாட்டினேன். ஏறுகிறது என்று சிவப்புப் பொட்டு காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துக் கட்டுப்பாட்டுச் சாவடியில் பார்த்தால் பவர் பேங்க் தூங்கிக்கொண்டிருந்தது, விளக்கில் ஒன்றும் ஏறவில்லை. கோளாறு எதுவும் இல்லை. பவர் பேங்க்குகள் பல, வெளியே போகும் மின்னோட்டம் 50, 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் 'யாரும் மாட்டவில்லை' என்று முடிவு செய்து அணைந்துவிடும். பின்விளக்கு, கைக்கடிகாரம், காதில் மாட்டும் இயர்பட்ஸ் எல்லாம் அவ்வளவுதான் இழுக்கும். சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அணையாமல் இருக்கும் குறைமின்னோட்ட முறை இருக்கிறது. வாங்கும்முன் அந்த வசதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் போனையும் விளக்கையும் ஒரே நேரத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் போன் இழுக்கும் மின்னோட்டத்தால் பவர் பேங்க் விழித்தே இருக்கும்.

அப்புறம் கேபிள். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் முனை சாலை அதிர்வில் போர்ட்டை ஆட்டி ஆட்டித் தளர்த்திவிடும். எல் வடிவ முனை உள்ள குட்டைக் கேபிளே நல்லது. மழையில் சார்ஜ் போடவே மாட்டேன். ஈரமான போர்ட்டில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் பின்கள் அரித்துப்போகும். வயர்லெஸ் சார்ஜிங்கை நினைக்கவே வேண்டாம், கணிசமான பங்கு வெறும் சூடாகிக் காற்றில் போகும்.

பனித்தடம்:

குளிர்ப் பிரதேசத்துக்குப் போவதாக இருந்தால் என் கதையும் கேளுங்கள். உயரமான கணவாய்க்குக் கீழே முகாம். மாலையில் நான்கு புள்ளியும் எரிந்த பவர் பேங்க்கைச் சைக்கிள் பையிலேயே விட்டுவிட்டு என் கூட்டாளி தூங்கிவிட்டார். காலையில் போனில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. மனிதர் பதறிவிட்டார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினார், மதியத்துக்குள் சார்ஜ் திரும்பி வந்துவிட்டது. போனது எங்கும் இல்லை, குளிரில் செல்லின் உள்தடை ஏறி வோல்ட்டேஜ் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். தூங்கும்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள் பவர் பேங்க், போன், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். கொஞ்சம் கூட்டமாக இருக்கும்.

ஆனால் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் பவர் பேங்க்கை *நிரப்பக்* கூடாது. இது வேறு விஷயம். லித்தியம் உலோகமாக, செல்லுக்குள் இருக்கும் ஆனோடு என்ற மின்முனையின் மேல் படியும். அந்தச் சேதம் திரும்பாது, உள்ளே ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. அறைக்குள் வந்து அது சூடாகும் வரை காத்திருந்து செருகுங்கள்.

சக்கரமின்னல்:

சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் டைனமோ ஹப் பற்றி இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லையே! முன்சக்கரத்தில் 6 வோல்ட், 3 வாட். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித்தான் அந்த 3 வாட் ஒழுங்காக வரும். நாள் முழுக்க சமவெளியில் ஓட்டினால் ஒரு போனை நிரப்பலாம். நடக்கிற வேகத்தில் ஏற்றம் ஏறினால் மின்சாரம் விட்டு விட்டு வரும். போனை நேராக மாட்டினால் ஒவ்வொரு முறை துண்டித்து இணையும்போதும் திரை எரியும். ஏறுவதை அதுவே தின்றுவிடும். அதனால் டைனமோ பவர் பேங்க்குக்கு, பவர் பேங்க் இரவில் போனுக்கு. இந்த வேலைக்கு 10,000 போதும். ஆனால் எல்லா பவர் பேங்க்கும் இப்படிச் சொட்டுச் சொட்டாக வரும் மின்சாரத்தை ஏற்காது, சில ஒருமுறை துண்டித்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வீட்டைச் சுற்றி ஓட்டிச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தினமும் நீண்ட ஏற்றங்கள் என்றால் டைனமோவுக்காகச் சக்கரம் மாற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து. டைனமோ வைத்திருக்கிறவனே சொல்கிறேன்.

தடம்தேடி:

சோலார் தகடு? பையின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தொடங்கும் இடத்துக்கு விமானத்தில் போக வேண்டும்.

மெதுவண்டி:

சோலார் எனக்கு ஒத்துவரவில்லை. ஓடும் சைக்கிளில் தகடு ஒருபோதும் சூரியனை நேராகப் பார்க்காது. மரநிழல், வளைவு, நம் முதுகு நிழல். ஒரே இடத்தில் ஒரு நாள் தங்கி, நடுப்பகலில் திருப்பித் திருப்பி வைத்தால் பயன் உண்டு. அப்போதும் பவர் பேங்க்கை வெயிலில் வைக்காதீர்கள், தகடு வெயிலில், பவர் பேங்க் அதன் நிழலில்.

விமானத்துக்கு 100 வாட் ஹவர்தான் எல்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 27,000 எம்ஏஹெச் பவர் பேங்க்குகள் நிறைய வருவது இதனால்தான், 27 ஆம்பியர் ஹவரை 3.7-ஆல் பெருக்கினால் 99.9 வாட் ஹவர். எப்போதும் கைப்பையில்தான், சரக்கில் போடும் சைக்கிள் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. வாட் ஹவர் எண் அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொண்டதை வரிசையில் எனக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அச்சு மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு: 10,000 இரண்டு. ஒன்று ப்ளக் பாயின்ட்டில் இருக்கும்போது இன்னொன்று கூடாரத்தில் வேலை செய்யும், ஒன்று விழுந்து உடைந்தாலும் வழி தெரியாமல் நிற்க மாட்டீர்கள். எடை கொஞ்சம் கூடும், போகட்டும்.

பழையபெடல்:

எல்லோரும் நிரப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் செலவைக் குறைக்கிற கட்சி. என் ஜிபிஎஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் பழைய கார்மின் இட்ரெக்ஸ். ஒரு ஜோடிக்கு 25 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் அடுத்த ஜோடி. போனில் ஆஃப்லைன் வரைபடம், ஏரோப்ளேன் மோடு, திரை அணைத்து. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே தன்னைத் தீர்த்துக்கொள்ளும். அதை நிறுத்தினாலே பவர் பேங்க்கின் சுமை வெகுவாகக் குறையும்.

வாங்கும்போது தராசையும் பயன்படுத்துங்கள். பவர் பேங்க்குக்குள் இருக்கும் உருளை வடிவ 18650 வகை செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், கொள்ளளவு 3,500 எம்ஏஹெச்சைத் தாண்டுவது அரிது. 20,000-க்கு ஆறு செல்லாவது வேண்டும். செல் மட்டுமே 270 கிராம் ஆகிவிடுகிறது. தட்டையான பாலிமர் செல் என்றாலும் பெரிய வித்தியாசம் வராது. '30,000' என்று எழுதி 250 கிராமில் ஒன்று கையில் கிடைத்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

பனித்தடம்:

குளிரைப் பற்றியே சொன்னேன், வெயிலையும் சேர்த்துவிடுகிறேன். ஹேண்டில்பாரின் கறுப்புப் பையில் உச்சிவெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பவர் பேங்க் ஒன்று, வழியில் சேர்ந்துகொண்ட பயணி ஒருவருடையது, மாலையில் வயிறு ஊதி மூடியே பிரிந்துவிட்டது. அவர் அதை அமுக்கி டேப் சுற்றப் பார்த்தார், தடுத்துவிட்டோம். ஊதியதை அமுக்கவோ குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. கூடாரத்துக்கு வெளியே, காய்ந்த புல் இல்லாத தரையில் வைத்துவிட்டு, மறுநாள் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். வெயில் நாளில் பவர் பேங்க்கைத் துணிகளுக்கு நடுவே, பையின் நிழல் பக்கம் போடுங்கள். சார்ஜ் ஏற்றுவதை மட்டும் துணிக்குள் வைத்துச் செய்யாதீர்கள்.