லேசர் பாய்மரப்படகுல ஜைப் (பின்காத்துல திரும்பி பாய மறுபக்கம் மாத்துறது) பண்ணா மெயின்ஷீட் (பாய இழுத்து விடுற கயிறு) மாட்டிக்குது, யாராவது சொல்லித் தாங்க
எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா சென்னை ஹார்பர் உள்ள லேசர் ஓட்டிப் பழகுறேன், எதிர்காத்துல டாக் பண்றது (படகு மூக்க காத்துக்குக் குறுக்கே திருப்பி பக்கம் மாத்துறது) ஓரளவு கைக்கு வந்துடுச்சு, பாய்ல ஒட்டியிருக்கிற நூல் ரெண்டு பக்கமும் நேரா பறக்குற மாதிரி வெச்சுக்கவும் தெரியுது. ஆனா மத்தியானம் கடல்காத்து ஏறினப்புறம் ஜைப் பண்ணா மட்டும் மெயின்ஷீட் தொய்ஞ்சு படகோட பின்மூலையில மாட்டிக்குது, பூம் (பாயோட அடிக்கட்டை) பாதியிலயே நிக்குது, அடுத்த நொடி தண்ணிக்குள்ள இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு தடவை கவிழ்ந்தேன், கயிறு அறுத்து உள்ளங்கை இன்னும் எரியுது. பூம் தாண்டுற நேரத்துல கயிற எவ்ளோ இழுக்கணும், எப்போ விடணும், வாங் (பூம கீழ இழுத்துப் பிடிக்கிற கயிறு) எவ்ளோ இறுக்கணும்? 7 சதுர மீட்டர் பாய் என் 52 கிலோவுக்கு ஜாஸ்தியா, ரேடியலுக்கு (அதே படகுக்கு வர்ற சின்ன பாய்) மாறிடவா? சீனியர் அண்ணன், அக்கா யாராவது சனிக்கிழமை ஒரு மணி நேரம் கூட வந்து காட்டிக் கொடுத்தா பெரிய உதவியா இருக்கும், காலைல 6 மணிக்கே வரச் சொன்னாலும் வந்துடுவேன்.